தீர்ந்துவிடக் கூடாத களை

காட்டுக்கு நடுவில் ஆனைமடு என்று ஒரு பெரிய குளம் இருந்தது. இருந்தது என்பது பேச்சுக்குத்தான். அதில் தண்ணீரைக் கண்ணால் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. உப்பின தண்டு, பளபளக்கிற இலை, மேலே ஊதாப்பூ. தூரத்தில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும், “ஆஹா, என்ன அழகு!” என்றார்கள். தூரத்தில் நிற்பவர்களுக்கு எல்லாமே அழகுதான்.

குளத்தின் நடுவே நின்ற கருவேல மரத்தில் கார்குழலி என்ற நீர்க்காகம் குடும்பம் நடத்தி வந்தாள். நீர்க்காகத்துக்குப் பிழைப்பே முங்கி மீன் பிடிப்பது. முங்க இடம் வேண்டாமா? பாவம், தினமும் மலையைத் தாண்டி ஓர் ஓடைக்குப் பறந்துபோவாள். தொண்டைக்குள் மீனை அடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும்.

ஓடை வெயிலில் சுருங்கிக்கொண்டே வந்தது. குஞ்சுகள் வளர்ந்துகொண்டே வந்தன. சிறகு முளைத்ததும் அவை கூட்டிலிருந்து குதித்து, முங்கப் பழகி, தங்கள் மீனைத் தாங்களே பிடித்தாக வேண்டும். மலையைத் தாண்டுகிற தெம்பு அவற்றுக்குக் கிடையாது. குளம் திறக்காவிட்டால் மூன்றும் பட்டினி.

குடும்பத் தலைவர் முத்தையனோ பக்கத்துக் கிளையில் இரண்டு சிறகையும் அகல விரித்துக் காயவைத்தபடி நின்றுகொண்டிருப்பார்.

“நனையாத சிறகை எதுக்குய்யா காயவைக்கிறே?” என்பாள் கார்குழலி.

“பழக்கம்.”

“குளத்துக்கு ஏதாவது வழி பண்ணக் கூடாதா?”

“பார்ப்போம்.”

“எதைப் பார்ப்பே? இலையையா?”

முத்தையன் வெயில் பக்கமாகத் திரும்பி நின்றுகொள்வார். அவரைப் பொறுத்தவரை விவாதம் முடிந்தது.

இப்படி இருக்கையில்தான் நரி மதியழகன் ஊரிலிருந்து திரும்பி வந்தான்.

ஊரில் அவனுக்கு ஒரு பயிற்சி மண்டபத்தின் பின்பக்கத்துக் குப்பைத்தொட்டிதான் சாப்பாட்டுக்கூடம். தொட்டிக்கு மேலே ஜன்னல். உள்ளே பெரியவர்கள் உலகத்தைத் திருத்தப் பேசிக்கொண்டே இருப்பார்கள். வெளியே இவன் வடையைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருப்பான். அவர்கள் மிச்சம் வைத்த வடையும், மிச்சம் வைக்காத பேச்சும் சேர்ந்து அவனைப் பெரிய ஆளாக்கிவிட்டன. முன்பெல்லாம் ‘திருடன்’ என்று துரத்தியவர்கள்கூட இப்போது ‘வாங்க, வாங்க’ என்றார்கள். பேச்சு மாறினால் போதும், ஆளே மாறிவிட்டதாக நினைத்துக்கொள்வது காட்டு ஜனங்களின் வழக்கம்.

வந்த வேகத்தில் மருதமரத்தடியில் மீட்டிங் போட்டான். வாலால் மண்ணில் மூன்று வட்டம் வரைந்தான்.

“இது மக்கள். இது இயற்கை. இது லாபம். மூணும் சேர்ற இடத்துலதான் நாம நிக்கணும்! இதுக்குப் பேர் சமூகத் தொழில்முனைவு!”

எருமை பூவாயி வட்டத்தை உற்றுப் பார்த்தாள். வெயிலில் அவள் தோல் வெடித்திருந்தது. சேற்றில் புரண்டு அவளுக்கும் வெகுநாளாகியிருந்தது.

“இதுல குளம் எங்க தம்பி?” என்று கேட்டாள்.

“குளத்தை ஏன் அக்கா பிரச்சினையாவே பார்க்கறீங்க? அதை ஒரு வாய்ப்பாப் பாருங்க!”

“வாய்ப்பாப் பார்த்தா அரிப்பு நிக்குமா?”

கூட்டம் சிரித்தது. நரியும் சிரித்தான். கேள்வி கேட்பவரோடு சேர்ந்து சிரித்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் அந்த ஜன்னலடியில்தான் கற்றிருந்தான்.

“அந்தச் செடியை வேரோட இழுத்துக் கரையில போட்டாக் காஞ்சிரும்” என்றாள் பூவாயி. “போன வருஷம் ஒரு மூலையில நான் இழுத்துப் பார்த்தேன். என்ன, நான் ஒருத்தி இடம் பண்ணினா, காத்தடிச்சதும் பக்கத்துச் செடி மிதந்து வந்து ஒக்காந்துக்குது. நாலு பேரு சேர்ந்தா...”

“அது பழைய அணுகுமுறை!” என்று மதியழகன் வெட்டினான். “வேரை யார் வாங்குவாங்க? தண்டுல நார் இருக்கு. எலிங்க தண்டை நறுக்கட்டும். தூக்கணாங்குருவிங்க கூடையும் பாயும் பின்னட்டும். குரங்குங்க அதை வாங்கிக்கிட்டுத் தானியம் கொடுக்கட்டும். களையும் போகும், எல்லார் வயிறும் நிறையும்! இது களை இல்லை அக்கா, மூலப்பொருள்!”

முதலில் கை தட்டியது, அதாவது சிறகு தட்டியது, யார் என்கிறீர்கள்? கார்குழலியேதான்.

“சும்மா இரு பூவாயி!” என்று வேறு அதட்டினாள். “ஒருத்தன் படிச்சிட்டு வந்து நல்லது சொல்றான். நீ வேரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறே!”

வேலை ஆரம்பமானது. எலிகள் தண்டை நறுக்கின. குருவிகள் பின்னின. கூடையென்றால் அப்படி ஒரு கூடை! குரங்குகளுக்குள் அந்தக் கூடை இல்லாத வீடு வீடே இல்லை என்று ஆகிவிட்டது. உள்ளே போட்டு வைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆளுக்கு நாலு கூடை.

கேள்விப்பட்டு மலையிலிருந்து சிங்கராஜாவே பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. உடனே ராஜா உட்காரப்போகிற இடத்துக்கு எதிரே மட்டும், தண்ணீர் தெரிகிற மாதிரி, எலிகள் செடியை நீர்மட்டத்துக்குக் கீழேவரை மழமழவென்று நறுக்கிவிட்டன. ‘மாதிரிப் பகுதி’ என்று அதற்குப் பெயர்.

கார்குழலி அதில் முங்கினாள். எத்தனை காலத்துக்குப் பிறகு! காதுக்குள் தண்ணீர் போன சுகத்திலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கெண்டையும் அகப்பட்டது.

“அக்கா, இதை அப்படியே ராஜா முன்னாடி சொல்லுங்க” என்றான் மதியழகன். “‘என் வாழ்க்கையே மாறிப்போச்சு’ன்னு முடிங்க. அங்க கொஞ்சம் தொண்டை அடைக்கட்டும்.”

“ஏற்கெனவே மீன் அடைச்சிருக்கு” என்றாள் கார்குழலி.

விழா நன்றாகவே நடந்தது. மயில் வரவேற்பு நடனம் ஆடியது. யாரும் கேட்காமலேயே இரண்டாவது நடனமும் ஆடியது. நரி பேசினான். பிறகும் பேசினான். கார்குழலி மேடையேறி, “என் வாழ்க்கையே மாறிப்போச்சு!” என்று தழுதழுத்தாள். ராஜா கொட்டாவியை அடக்கிக்கொண்டு, ஆகாயத்தாமரை நாரில் நெய்த பொன்னாடையை அவளுக்குப் போர்த்தினார். அந்த இடத்திலேயே அவளுக்குப் பதவியும் அறிவிக்கப்பட்டது: நீர்வாழ் பறவைகள் பிரிவின் கௌரவத் தலைவி!

ராஜா திரும்பிப் போன அதே வாரத்தில் மாதிரிப் பகுதியில் இலை எட்டிப் பார்த்தது. போனது தண்டுதானே? வேர் பத்திரமாக உள்ளேதான் இருந்தது. நறுக்க நறுக்க அது உற்சாகமாகக் கிளைத்தது. வேரோடு இழுக்கச் சொன்ன பூவாயியின் பழைய அணுகுமுறை அந்த வேருக்கு மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது.

கார்குழலி இதைக் கவனிக்கவில்லையா? கவனித்தாள். ஆனால் தலைவி ஆயிற்றே! மேடையில் வாழ்க்கை மாறிப்போனவள், ஒரே மாதத்தில் ‘மாறவில்லை’ என்று எப்படிச் சொல்வது? அந்தப் பொன்னாடையைக் கூட்டின் ஓரத்தில் நாலு பேர் பார்க்கிற மாதிரி தொங்கவிட்டிருந்தாள். யாராவது, “என்ன தலைவி, குளம் மறுபடி மூடிக்கிச்சே?” என்று கேட்டால், “படிப்படியாத்தான் ஆகும்” என்பாள். சொல்லிவிட்டு மலையைத் தாண்டி ஓடைக்குப் பறப்பாள்.

முத்தையன் மட்டும் ஒருநாள், “இதுக்கு ‘பார்ப்போம்’னு நான் சொன்னதே பரவாயில்ல போலிருக்கே” என்றார்.

அன்று அவருக்கு மீன் கிடைக்கவில்லை.

சிங்கராஜாவின் குகைக்கு மெத்தை வேண்டும் என்று ஆர்டர் வந்தது. மூத்த ராணிக்கு ஒன்று, இளைய ராணிக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று. மதியழகன் குளத்தைச் சுற்றி வந்தான். தண்டு போதாது என்று அவனுக்குக் கவலை வந்துவிட்டது. எதற்குக் கவலை பாருங்கள்! குளம் முழுக்கக் களை, அது தீர்ந்துபோய்விடுமோ என்று கவலை! உடனே உத்தரவு போட்டான். கருவேல மரத்தைச் சுற்றியுள்ள செடியை யாரும் தொடக் கூடாது. அது ‘மூலப்பொருள் பாதுகாப்புப் பகுதி’. எருமைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. கால் பட்டால் வேர் கலங்கும்!

மரத்தைச் சுற்றிச் செடி இடுப்பளவுக்கு வளர்ந்து நின்றது.

ஒரு காலை, கடைக்குட்டிக் குஞ்சு கூட்டின் விளிம்பில் வந்து நின்றது. அம்மா சொல்லிக்கொடுத்தபடியே கழுத்தை நீட்டியது. இலைப்பரப்பைத்தான் தண்ணீர் என்று நினைத்துக் குதித்தது. ‘தொப்’பென்று இலைமேல் விழுந்தது. கால் உதறியது. உதற உதற இலைகள் விலகி, அது வேர்க்கற்றைக்குள் சறுக்கிப் போய்விட்டது. மேலே இலை மூடிக்கொண்டது. எங்கே விழுந்தது என்ற அடையாளம்கூட இல்லை. ஊதாப்பூ மட்டும் அழகாக ஆடிக்கொண்டிருந்தது.

கார்குழலி கத்திக்கொண்டே பாய்ந்தாள். அலகால் கிழித்தாள். முத்தையன்கூடச் சிறகை மடக்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். இருவரும் சேர்ந்து வேரைப் பிய்த்துப் பிய்த்து, கடைசியில் ஒரு கறுப்புக் காலைக் கண்டுபிடித்து இழுத்தார்கள். குஞ்சு தண்ணீரைக் கக்கியது. இருமியது. “அம்மா, தண்ணி எங்கம்மா?” என்று கேட்டது.

கார்குழலி பொன்னாடையைக் கூட்டிலிருந்து பிடுங்கினாள். அலகில் கவ்விக்கொண்டு நேரே மருதமரத்தடிக்குப் பறந்தாள். நரியின் முன்னால் அதைப் போட்டாள்.

“மதியழகா! குளம் எப்போ திறக்கும்?”

“வாங்க தலைவி! மெத்தை எப்படி வந்திருக்குன்னு பார்த்தீங்களா?”

“மெத்தையைக் கேக்கல. குளத்தைக் கேட்டேன்.”

“குளம் திறந்துட்டா மெத்தைக்கு எங்க போறது அக்கா?”

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கள்ளம் ஒரு துளிகூட இல்லை. அதுதான் கொடுமை. பொய் சொல்கிறவனையாவது கையும் களவுமாகப் பிடிக்கலாம். தான் சொல்வதைத் தானே நம்புகிறவனை என்ன செய்வது?

“களையை ஒழிக்கறேன்னு சொன்னியே?”

“ஒழிக்கறேன்னு எங்க சொன்னேன்? பயன்படுத்தறேன்னு சொன்னேன். ஒழிச்சுட்டா இத்தனை பேர் வேலை என்னாகும்? இது நீடித்து நிக்கிற திட்டம் அக்கா!”

“ஆமாம், நிக்குது. என் பிள்ளை தலைமேல நிக்குது!”

“உங்க உணர்வை மதிக்கறேன். அடுத்த மீட்டிங்ல எடுத்துக்கலாம்.”

அந்த நேரத்தில் அவனைக் கொத்தியிருக்கலாம். கொத்தவில்லை. கொத்தினால் அதையும் ஒரு ‘கருத்து’ என்று வாங்கி வைத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அங்கிருந்து குருவிகளிடம் போனாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் போனாள். அங்கே வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. தூக்கணாங்குருவிகளின் தலைவன் நாகலிங்கம் ஓலையில் புதிதாக ஒரு கூடு கட்டித் தொங்கவிட்டிருந்தான். அவன் வீட்டுக்காரி மரகதம் அதை அலகால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். உள்ளே போனாள், வெளியே வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வேண்டாம்.”

நாகலிங்கம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்தக் கூட்டை அப்படியே விட்டுவிட்டுப் புது நார் கிழிக்கத் தொடங்கினான்.

“ஏம்மா, பார்க்க நல்லாத்தானே இருக்கு?” என்றாள் கார்குழலி.

“பார்க்க நல்லாத்தான் இருக்கு மதினி” என்றாள் மரகதம். “உள்ளே உட்காரப்போறது நானும் என் முட்டையும். காத்தடிச்சா விழப்போறது இவரா?”

“எங்க குலவழக்கம் அக்கா” என்றான் நாகலிங்கம். “கட்டினவன் பேச்சு எடுபடாது. பக்கத்துக் கிளைக்காரன் ‘அபாரம்’னு சொன்னாலும் எடுபடாது. குடி வர்றவ சரின்னு சொன்னாத்தான் அது கூடு. இல்லேன்னா வெறும் புல்லு.”

கார்குழலியின் அலகு திறந்தது திறந்தபடி நின்றது.

ஆனைமடுத் திட்டத்துக்கு ‘அபாரம்’ சொன்னது யார்? சிங்கராஜா! மடுவில் ஒரு நகத்தைக்கூட நனைக்காதவர். குடியிருக்கிறவளை எதற்குக் கூப்பிட்டார்கள்? தழுதழுக்க! அவளும் போய்த் தழுதழுத்துவிட்டு வந்தாள்!

“நாகலிங்கம், கூட்டுக்கு இருக்கிற வழக்கம் குளத்துக்கு மட்டும் ஏன் இல்ல?”

நாகலிங்கத்துக்குப் புரிந்தது. புரிந்ததும் பயந்தான். “அக்கா, எங்க வயித்துல அடிச்சிராதீங்க. களை போச்சுன்னா கூடை போச்சு. கூடை போச்சுன்னா தானியம் போச்சு.”

“உன் வயிறும் நிறையணும், என் பிள்ளையும் முங்கணும். அதுக்குத்தான் வழி கேக்கறேன். சும்மா அழாம என்கூட வா.”

இருவரும் பூவாயியிடம் போனார்கள். அவள் வெயிலில் ஒரு மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பூவாயி, அன்னைக்கு உன் வாயை நான்தான் அடைச்சேன்” என்றாள் கார்குழலி.

“ஆமா, அடைச்சே” என்றாள் பூவாயி. எருமைகள் பெருந்தன்மையை நடித்துக் காட்டுவதில்லை. “இப்ப என்ன, திறக்கணுமா?”

“நீ இழுத்தா மறுபடி மிதந்து வருதுன்னே. வராம இருந்தா?”

“வராம இருந்தா எங்க கூட்டமே இறங்கிரும். அரிப்புத் தாங்கல.”

“வராம நான் பார்த்துக்கறேன். நாகலிங்கம், உங்க ஆளுங்க தண்டு நார்ல கனமா ஒரு மிதவைக் கயிறு பின்னட்டும். பூவாயி காலி பண்ணின இடத்தைச் சுத்தி வேலி மாதிரி மிதக்கவிடுங்க. வெளிச்செடி உள்ளே வரக் கூடாது.”

“கயிறு பின்னலாம்” என்று இழுத்தான் நாகலிங்கம். “தானியம்?”

பூவாயி தலையால் கரைமூலையைக் காட்டினாள். போன வருஷம் அவள் இழுத்துப் போட்ட செடி மக்கி, அதன்மேல் புல் நெஞ்சுயரம் நின்றது. கதிர் தலைசாய்த்துத் தொங்கியது.

“இழுத்துப் போடற குப்பையெல்லாம் இப்படித்தான் ஆவும். தழை எனக்கு, கதிர் உனக்கு. அதுவரைக்கும் காலையில அவனுக்குக் கூடை பின்னு, சாயங்காலம் எனக்குக் கயிறு பின்னு.”

“ஒரே ஒரு நிபந்தனை” என்றாள் கார்குழலி. “கயிறு எவ்வளவு நீளம்னு நான் கேக்க மாட்டேன். குப்பை எவ்வளவு உயரம்னும் கேக்க மாட்டேன். நான் முங்கிப் பார்ப்பேன். பூவாயி புரண்டு பார்ப்பா. நாங்க சரின்னு சொன்னாத்தான் வேலை முடிஞ்சது. கதிர்ல பங்கும் அப்போதான்.”

“மரகதம் மாதிரியே பேசறீங்க” என்று பெருமூச்சு விட்டான் நாகலிங்கம்.

பாதுகாப்புப் பகுதியிலிருந்தே தொடங்கினார்கள். எருமைகள் கொம்பைக் கொடுத்து நெம்பின. வேரும் சேறுமாகச் செடி மொத்தமாகக் கிளம்பியது. மதியழகன் அலறிக்கொண்டு ஓடி வந்தான்.

“ஐயோ, அது மூலப்பொருள்! யாரைக் கேட்டு எடுக்கறீங்க? பூவாயி அக்கா, திட்டத்தோட நோக்கத்தைக் கொஞ்சம்...”

எருமைகளுக்குக் காது கேட்காதது போல் இருக்கும் வரம் பிறவியிலேயே உண்டு. பூவாயி வாலை ஒரு வீசு வீசினாள். நரியின் முகத்தில் சேறு அப்பிக்கொண்டது. வாய்க்குள்ளும் கொஞ்சம் போனதால் சற்று நேரம் அமைதி கிடைத்தது.

முதல் கயிறு மிதந்ததும் நாகலிங்கம், “எப்படி அக்கா? குளத்துலயே நீளமான கயிறு!” என்று பெருமையடித்தான்.

கார்குழலி முங்கினாள். உடனே மேலே வந்தாள். தலையில் வேர் கொத்தாகத் தொங்கியது.

“ஆகலை! கயித்துக்கு அடியில புகுந்து வருது. மறுபடி பின்னு.”

“பார்க்க நல்லாத்தானே...”

“நாகலிங்கம்!”

“பின்னறேன் அக்கா.”

கயிற்றுக்குக் கீழே நாரால் பாவாடை போல ஒரு தொங்கல் கட்டினார்கள். அடியில் வேர் புகாதபடி அது தடுக்க வேண்டும். கார்குழலி மறுபடி முங்கினாள். அப்போதும் ‘ஆகலை’. தொங்கலை இன்னும் ஆழமாக இறக்கினார்கள். அடுத்த முறை வெகுநேரம் வெளியே வரவில்லை. முத்தையன் கவலைப்பட்டுத் தானும் உள்ளே குதித்தார். இருவரும் ஆளுக்கொரு மீனுடன் மேலே வந்தார்கள். முத்தையன் கிளைக்குப் போய்ச் சிறகை விரித்தார். அன்று முதல்முறையாக அதற்கு ஒரு காரணம் இருந்தது.

“சரி!” என்றாள் கார்குழலி. கரையில் குருவிகள் கத்திய கத்தல் மலைக்குக் கேட்டிருக்கும்.

இடம் பெருகியது. கயிறு நகர நகரக் களை ஒதுங்கியது. குப்பைமேட்டில் புழு நெளிவதைப் பார்த்து எலிகள் ஒவ்வொன்றாக நரியிடம் விடுப்புக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டன. புல் கதிர் விட்டது. மெத்தை வரவில்லையே என்று இளைய ராணி கோபித்துக்கொண்டாளாம். ராணியின் கோபத்தைவிட மரகதத்தின் கோபம் பெரிது என்று நாகலிங்கம் சொல்லியனுப்பிவிட்டான்.

ஓடை அடியோடு வற்றிய வாரத்தில் குஞ்சுகள் மூன்றும் கூட்டின் விளிம்பில் வந்து நின்றன. மூத்தது குதித்தது. நடுவிலது குதித்தது. கடைக்குட்டி மட்டும் பின்வாங்கியது.

“அம்மா, அடியில ஏதாவது பிடிச்சு இழுக்குமா?”

“இழுக்காது. நான் பார்த்துட்டேன்.”

“நிஜமா பார்த்தியா? இல்ல, யாராவது சொன்னாங்களா?”

கார்குழலிக்குச் சுருக்கென்றது. “நிஜமாப் பார்த்தேண்டா கண்ணு. முங்கிப் பார்த்தேன்.”

கடைக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு குதித்தது. தண்ணீர் வட்டம் போட்டது. வட்டம் அடங்கியது. பிறகு தூரத்தில் ஒரு கறுப்புத் தலை எழும்பியது. அலகில் ஒரு பொடிமீன் துடித்தது. அதை எப்படி விழுங்குவது என்று தெரியாமல் அது திருதிருவென்று விழித்தது.

செய்தி மலைக்குப் போயிற்று. யார் கொண்டுபோனது என்று கேட்கவே வேண்டாம். ‘ஆனைமடுத் திட்டம், மூன்றாம் கட்டம்: திறந்த நீர்ப்பரப்பு’ என்று மதியழகன் ராஜாவிடம் விவரித்தானாம். இது மூன்றாவது கட்டம் என்றால் இரண்டாவது எப்போது நடந்தது என்று ராஜா கேட்கவில்லை. பசுமைக் காவலன் விருது கொடுத்துவிட்டார்.

முத்தையனுக்கு வந்த ரோஷத்தைப் பார்க்க வேண்டுமே! “நீ போய்க் கேளு! அந்த விருது உன்னுது!”

“நல்லாத் திங்கிற பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டு இரு. விருதுல மீன்முள்ளுகூட இல்ல” என்றாள் கார்குழலி.

விட்டது தொல்லை என்றுதான் நினைத்தாள். மறுவாரம், எருமைகள் மேய்கிற பக்கமாகப் பறந்துபோகையில், மதியழகன் வாயில் ஒரு கூடையைக் கவ்விக்கொண்டு அவசரமாக நடப்பதைப் பார்த்தாள். கூடைக்குள் ஒரே ஓர் ஆகாயத்தாமரைச் செடி. ஈரத்துணியில் சுற்றி, குழந்தையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனான்.

“எங்க கிளம்பிட்டே?” என்று அவன் முன்னால் இறங்கினாள்.

நரி கூடையைக் கீழே வைத்தான். “பக்கத்துல மான்குட்டைக்கு அக்கா. அங்கேயும் நம்ம திட்டத்தைக் கொண்டுபோறேன்!”

“அங்கதான் களையே கிடையாதே! அடியில மணல் தெரியுமே!”

“அதுதான் அக்கா பிரச்சினை!” மதியழகனின் கண் கலங்கிவிட்டது. “பிரச்சினையே இல்லாத இடத்துல எப்படித் தீர்வு கொடுக்கறது சொல்லுங்க?”

கார்குழலி செடியைக் கூடையிலிருந்து வேரோடு கவ்வி எடுத்தாள். ஒரு வீசு வீசினாள். அது போய்ப் பூவாயியின் முன்னால், காய்ந்த தரையில் விழுந்தது. பூவாயி அதைப் பார்த்தாள். நரியைப் பார்த்தாள். பிறகு அவசரமே இல்லாமல் அதன்மேல் படுத்துக்கொண்டாள்.

நோய் இருக்கும்வரைதான் தனக்குப் பிழைப்பு என்று ஆகிவிட்டவனிடம் மருந்து கேட்காதே. அந்த நோய் தீர்ந்தால் யாருக்கு மூச்சு வருமோ அவர்களைக் கூட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கு, முடிந்தது என்று சொல்லும் உரிமையையும் அவர்கள் கையிலேயே கொடு.